கைப்பிடி ஏன் கழன்று விழுகிறது?

கேள்வி: தொடக்கப்பள்ளியில் கலை வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் கையால் செய்யும் களிமண் குவளைகளில், காயும்போதே கைப்பிடி கழன்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: டீச்சர், பெரும்பாலும் ஒட்டும் விதத்தில்தான் கோளாறு. ஈர மண்தானே, அழுத்தினால் போதும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். போதாது. ஒட்டும் இரண்டு பக்கத்தையும் பழைய முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தயிர்ப் பதத்தில் கரைத்த அதே மண்ணைத் தடவி, லேசாக ஆட்டி அழுத்தச் சொல்லுங்கள். இரண்டிலும் ஈரம் ஒரே அளவில் இருக்க வேண்டும். காய்ந்த குவளையில் ஈரக் கைப்பிடியை வைத்தால், அது சுருங்கும்போது விரிசல் விடும்.

அப்புறம் வகுப்பறையில் ஓடும் அந்த ஏர்கான்! கைப்பிடி மெலிசு, அந்தக் காற்றில் முதலில் காய்ந்துவிடும். அதற்கு மட்டும் பிளாஸ்டிக் சுற்றி, குவளையைப் பையால் தளர்வாக மூடி ஒரு வாரம் விடுங்கள். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிறதா? உள்ளே ஈரம் இருக்கிறது, சூளைக்கு அனுப்பாதீர்கள். பாண்டம் வெடிப்பது பெரும்பாலும் அந்த ஈரம் ஆவியாவதால்தான். பாவம், காற்றுக்குமிழிமேல் பழி போடுகிறோம்.

முடிந்தால் லோரோங் தாவாஸில் 1940-ல் கட்டிய தாவ் குவாங் டிராகன் சூளைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். விறகில் எரியும் நீளச் சூளை. கேள்விகளுக்குத் தனியாக நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.