அயுத்தயா, சுகோத்தாய் பயணம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தாய்லாந்தின் பழைய தலைநகரங்களுக்கு நான்கு முறை போய் வந்திருக்கிறேன். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

அண்ணா, பாங்காக்கிலிருந்து அயுத்தயாவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா?

திரும்பிவிடலாம். சுமார் 80 கிலோமீட்டர்தான், ரயில் இருக்கிறது. ஆனாலும் ஓர் இரவு தங்குங்கள். உச்சி வெயிலில் செங்கல் இடிபாடுகளுக்கு நடுவே நடப்பது பெரும்பாடு. விடிந்ததும் வாடகை சைக்கிளில் கிளம்பிவிட்டால் கூட்டமும் இருக்காது. அந்திப்பொழுதில் ஆற்றின் கிழக்குக் கரையில் நின்று, எதிரே இருக்கும் வாட் சாய்வத்தனாராம் கோயிலைப் பாருங்கள் (தாய்லாந்தில் 'வாட்' என்றால் கோயில்). கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். இதற்காகவே தங்கலாம்.

அங்கே பல புத்தர் சிலைகளுக்குத் தலையே இல்லையே, ஏன்?

1767இல் பர்மியப் படை நகரைப் பிடித்து எரித்தது. அப்புறம் புதையல் தேடியவர்களும் சிலைத் திருடர்களும் மிச்சத்தைச் சிதைத்தார்கள். வாட் ராட்சபுரணாவின் நிலவறையை 1957இல் கொள்ளையடித்தார்கள். தப்பிய பொன்னை சாவோ சாம் பிரயா அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோள். தலையில்லாத சிலைக்குப் பின்னால் நின்று உங்கள் முகத்தை வைத்துப் படம் எடுக்காதீர்கள். உடைந்திருந்தாலும் தாய்லாந்து மக்களுக்கு அது புத்தர்தான். வாட் மகாதாத்தில் மரவேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலை இருக்கிறது. அதன் பக்கத்தில் படம் எடுக்கும்போது உங்கள் தலை அதைவிட உயராதபடி குனிந்து உட்காருங்கள்.

அயுத்தயா பார்த்தால் போதாதா? சுகோத்தாய் வரை போகணுமா?

கட்டாயம் போங்கள். பிட்சனுலோக் வரை ரயில், அங்கிருந்து ஒரு மணி நேரம் பேருந்து. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த தலைநகரம் அது. தாமரைக் குளங்களும் புல்வெளியுமாக அமைதியாக இருக்கும். வாட் சி சும் கோயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். உயரமான சுவரில் குறுகலான ஒரு பிளவு. அதன் வழியே முதலில் முகம் தெரியும், நெருங்க நெருங்க சுமார் 15 மீட்டர் உயரப் புத்தர் முழுதாகத் தெரிவார். மேலே கூரை கிடையாது. முதல் முறை போனபோது கேமராவை எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

நடக்கும் கோலத்தில் புத்தரைச் செதுக்கியதும் சுகோத்தாய்ச் சிற்பிகளின் தனிச்சிறப்பு. ஒரு கால் முன்னே எடுத்து வைத்தபடி, காற்றில் நடப்பது போல இருப்பார்.

அம்மாவையும் கூட்டிப் போகிறேன். பெண்களுக்குத் தனிக் கட்டுப்பாடு ஏதும் உண்டா சார்?

தோளும் முழங்காலும் மூடிய உடை ஆண், பெண் இருவருக்குமே வேண்டும். பெண்கள் பிக்குவைத் தொடக்கூடாது. காணிக்கை கொடுத்தால் அவர் ஒரு துணியை விரிப்பார், அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். சன்னதியில் புத்தரை நோக்கிக் கால் நீட்டி உட்கார வேண்டாம்.

தமிழோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. பாங்காக்கில் வாட் சுதாட் எதிரே சிவப்பு நிறத்தில் உயரமான ஊஞ்சல் தூண்கள் நிற்கும். 1935 வரை அங்கே ஊஞ்சல் விழா நடந்தது. விழாவின் பெயர் திரியம்பவாய், அதாவது நம் திருவெம்பாவை! பெரிய ஊஞ்சல் ஆடுவது நின்றுவிட்டாலும், அருகிலுள்ள தேவஸ்தானம் என்ற பிராமணர் கோயிலில் அரசவைப் பிராமணர்கள் இன்றும் திரியம்பவாய்ச் சடங்கைச் செய்கிறார்கள். அவர்கள் ஓதுவதில் திருவெம்பாவையும் உண்டு, உச்சரிப்பு மட்டும் நமக்குப் பிடிபடாத அளவுக்கு மாறிவிட்டது. டிசம்பர், ஜனவரி வாக்கில் போனால் தேவஸ்தானத்தில் நாள் கேட்டுக்கொண்டு போங்கள்.