இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது திறந்த கல்வி வளம் ஆகிவிடுமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அயல் பாடசாலை ஆசிரியர்கள் சிலரோடு சேர்ந்து சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சித் தொகுப்பு செய்திருக்கிறோம். அரசாங்கப் பாடநூலின் பிடிஎப், கடந்தகால வினாத்தாள்கள், தமிழ் விக்கிப்பீடியா, யூடியூப் வீடியோக்களில் எடுத்த படங்கள், எங்கள் சொந்தக் குறிப்புகள் எல்லாம் அதில் உண்டு. அச்சுச் செலவுக்கு விண்ணப்பித்த இடத்தில், "யுனெஸ்கோ வரையறைப்படி இது திறந்த கல்வி வளமா?" என்று கேட்கிறார்கள். எல்லாமே இலவசமாக எடுத்தவைதானே, "ஆம்" என்று எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம், டீச்சர். கொஞ்சம் திருத்தினால் தாராளமாக எழுதலாம்.

திறந்த கல்வி வளம் என்ற பெயர் 2002இல் பரிஸில் யுனெஸ்கோ கூட்டிய ஒரு மன்றத்தில் பிறந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடக்குறிப்புகளை இணையத்தில் எல்லோருக்கும் வைக்கப்போவதாக அறிவித்திருந்தது. 2012இல், இத்தகைய வளங்களை ஆதரிக்குமாறு அரசுகளைக் கேட்ட பரிஸ் பிரகடனம் வந்தது. உங்கள் விண்ணப்பம் கேட்கிற வரையறை, யுனெஸ்கோ பொது மாநாடு 2019 நவம்பரில் ஏற்றுக்கொண்ட பரிந்துரையில் இருப்பது. அதன் சாரம் இது: கற்றல், கற்பித்தல், ஆராய்ச்சிக்கான பொருள் எந்த வடிவத்திலும் எந்த ஊடகத்திலும் இருக்கலாம். ஆனால் அது பதிப்புரிமைக் காலம் முடிந்தோ வேறு வழியிலோ பொதுச்சொத்தாகியிருக்க வேண்டும். பதிப்புரிமை உள்ளதென்றால், திறந்த உரிமம் ஒன்றின் கீழ் வெளியிடப்பட்டிருக்க வேண்டும். செலவில்லாமல் பெறுவது, மீண்டும் பயன்படுத்துவது, வேறு தேவைக்கு எடுப்பது, மாற்றி எழுதுவது, மற்றவர்களுக்குக் கொடுப்பது ஆகிய ஐந்துக்கும் அந்த உரிமம் இடம் தர வேண்டும்.

செலவில்லாமல் பெறுவது இந்த ஐந்தில் ஒன்று மட்டுமே. என்னைக் கேட்டால் மலையகத்துக்கு மிகவும் தேவையானது நான்காவது. நொதியங்கள் பற்றிய பாடத்தில், நசுங்கிய தேயிலைக் கொழுந்து தொழிற்சாலையில் நிறம் மாறுவதை உதாரணமாகப் போட்டால் நம் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அப்படி மாற்றி எழுதி, அடுத்த தோட்டத்துப் பாடசாலைக்கும் கொடுக்கிற உரிமையைத்தான் இந்த வரையறை பேசுகிறது. "எந்த ஊடகத்திலும்" என்பதையும் கவனியுங்கள். சிக்னல் கிடைக்காத தோட்ட டிவிஷன்களுக்கு நீங்கள் அச்சடித்து அனுப்பும் தாளும் திறந்த கல்வி வளமாக இருக்கலாம்.

சரி, உங்கள் தொகுப்புக்கு வருவோம். வினாத்தாளின் தலைப்பகுதியைப் பாருங்கள், "முழுப் பதிப்புரிமையுடையது" என்று இருக்கும். பாடநூலை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஆனால் மாற்றி வெளியிடலாம் என்று அதில் எழுதியிருக்கிறதா? எழுதாவிட்டால் அந்த உரிமை உங்களுக்கு இல்லை. இதனால் வகுப்பில் பயன்படுத்தவே கூடாது என்று பயப்பட வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. வகுப்புக்குப் பல பிரதிகள் எடுப்பதையும் அது குறிப்பிடுகிறது. ஆனால் அந்தச் சலுகை உங்கள் வகுப்பறையோடு நின்றுவிடும். தொகுப்பை வாங்கும் இன்னொருவருக்கு "இதை மாற்றி வெளியிடுங்கள்" என்று சொல்ல அது உங்களுக்கு அதிகாரம் தராது.

இதற்கு எளிய வழி உண்டு. பாடநூல் எப்படியும் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. பகுதிகளைப் பிரதி பண்ணாமல், பார்க்க வேண்டிய பக்க எண்ணை மட்டும் போடுங்கள். வினாத்தாளுக்கு ஆண்டும் வினா இலக்கமும் போதும். அதே மாதிரியில் உங்கள் சொந்தச் சொற்களில் புதுக் கேள்விகள் எழுதினால் இன்னும் நல்லது, பதிப்புரிமை கருத்தைக் காப்பதில்லை, அதைச் சொன்ன விதத்தைத்தான் காக்கிறது. யூடியூப் படங்களை எடுத்துவிட்டு இணைப்பைக் கொடுங்கள். விளக்கத்தில் கிரியேட்டிவ் கொமன்ஸ் (ஆக்கியவர் எல்லோருக்கும் முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமம்) என்று போட்டிருக்கும் வீடியோ மட்டும் விதிவிலக்கு.

தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகள் நிச்சயம் திறந்த வளம்தான். ஆனால் அவற்றின் உரிமத்தில் "அதேபோல் பகிர்" என்ற நிபந்தனை உண்டு. அதை மாற்றி எழுதிய பகுதியை நீங்களும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "வணிகமல்லாத, அதேபோல் பகிர்" என்ற உரிமத்தில் உள்ள பொருளை எடுத்து, விக்கிப்பீடியாப் பகுதியோடு கலந்து ஒரே பாடமாக்க முடியாது, இரண்டு நிபந்தனைகளும் ஒத்துப்போகாது. தனித்தனிப் பக்கங்களாக, தனித்தனி உரிமக் குறிப்போடு வைத்தால் பிரச்சினை இல்லை. "மாற்றம் கூடாது" என்ற உரிமம் உள்ளதோ இந்த வரையறைக்குள் வரவே வராது. அதை மொழிபெயர்த்து வெளியிடக்கூட முடியாது. கீழ் வகுப்புகளுக்குக் கதைகள் தேவைப்பட்டால் பிரதம் புக்ஸ் என்ற இந்தியச் சிறுவர் நூல் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள். அங்குள்ள தமிழ்க் கதைகளை நம் பேச்சுக்கு ஏற்ப மாற்றி அச்சிட்டு விற்கவும் இடமுண்டு, எழுதியவர், வரைந்தவர் பெயர்களைப் போட்டால் சரி.

கடைசியாக உங்கள் சொந்தக் குறிப்புகள். நீங்களே எழுதி வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினாலும் அவை திறந்தவை ஆகிவிடாது. எழுதிய கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, எங்கும் பதிய வேண்டியதில்லை. அதைத் திறக்க, உரிமத்தை நீங்களே எழுத்தில் சொல்ல வேண்டும். அப்புறம், தொழிலின் பகுதியாகச் செய்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொழில் கொடுத்தவருக்கு என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே அதிபர் வழியாக வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வையுங்கள்.

அதன்பின் முதல் பக்கத்தில் இப்படிப் போடுங்கள்: "வேறு குறிப்பு இல்லாத பகுதிகள் எல்லாம் கிரியேட்டிவ் கொமன்ஸ், பெயர் குறிப்பிடுதல், 4.0 சர்வதேச உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகின்றன." கீழே எழுதியவர்களின் பெயர்கள். வெளியிலிருந்து எடுத்த ஒவ்வொன்றின் அருகிலும் தலைப்பு, ஆக்கியவர், எடுத்த இடம், உரிமம், நீங்கள் செய்த மாற்றம் ஆகியவை ஒரு வரியில் இருக்கட்டும். பிடிஎப்போடு வேர்ட் கோப்பையும் பென் டிரைவில் சேர்த்துக் கொடுங்கள். பதுளையில் ஒரு ஆசிரியர் இதை எடுத்து மாற்ற நினைத்தால், பிடிஎப்பை மட்டும் வைத்துக்கொண்டு முழுவதையும் திரும்ப டைப் பண்ண வேண்டியிருக்கும்.