பள்ளி பாண்டு பணம்: யாரிடம் கணக்குக் கேட்பது?

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறோம். எங்கள் பள்ளி மாவட்டம் (பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கட்டுமானத்துக்கு வாங்கும் கடனான பாண்டு, 55 சதவீத வாக்கு போதும் என்ற விதிப்படி தேர்தலில் நிறைவேறியது. சொத்து வரி பில்லில் அதற்கான தொகை ஏறிவிட்டது. ஒழுகும் வகுப்பறைகள் அப்படியே இருக்கின்றன. யாரிடம் கேட்பது?
– வாசகி, சான் ஹோசே

பதில்: மாவட்டத்தின் குடிமக்கள் மேற்பார்வைக் குழுவிடம். இந்த 55 சதவீத விதியைக் கொண்டுவந்த, 2000-இல் மாநில வாக்காளர்கள் ஏற்ற 39-ஆம் முன்மொழிவின் கீழ் வரும் பாண்டுகளுக்கு இந்தக் குழு கட்டாயம். குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும்; மாவட்டத்தின் ஊழியரோ ஒப்பந்ததாரரோ ஆலோசகரோ அதில் இருக்க முடியாது. கூட்டத்துக்கு யாரும் போகலாம். நடவடிக்கைக் குறிப்புகளை இணையத்தில் போட்டாக வேண்டும்.

போவதற்கு முன் இரண்டு தாள்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று, தேர்தலின்போது அச்சான பாண்டின் முழு வாசகம். பணிகளின் பட்டியல் அதில்தான் இருக்கும். இன்னொன்று, குழுவுக்குத் தரப்படும் செலவு அறிக்கை. ஒவ்வொரு பள்ளிக்கும் முதலில் போட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, இதுவரை கொடுத்த தொகை மூன்றையும் பாருங்கள். மதிப்பீடு ஏறியிருந்தால் சேஞ்ச் ஆர்டர்களை (ஒப்பந்தத்துக்குப் பின் வேலையையோ தொகையையோ மாற்றும் உத்தரவுகளை) கேளுங்கள். ஒரு பள்ளியில் ஏறிய செலவு, வரிசையில் பின்னால் நிற்கும் பள்ளியின் கூரையைத்தான் விழுங்கும்.

ஆண்டுதோறும் நிதித் தணிக்கை, பணம் பட்டியலில் உள்ள பணிகளுக்கே போனதா என்று பார்க்கும் செயல்பாட்டுத் தணிக்கை இரண்டும் மார்ச் 31-க்குள் குழுவின் கைக்கு வர வேண்டும். குறை சொல்லப்பட்டிருந்தால் மாவட்டம் 3 மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஆனால் 'குறை ஏதும் இல்லை' என்ற வரியைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். செலவு பட்டியலுக்குள் அடங்குகிறதா என்றுதான் தணிக்கையாளர் பார்க்கிறார். பட்டியலையே அகலமாக எழுதிவைத்தால் எல்லாமே அடங்கிவிடும். உங்கள் வகுப்பறை விடுபட்டது தணிக்கையில் தெரியாது.

சம்பளத்தையும் கவனியுங்கள். ஆசிரியர் சம்பளம், அன்றாட நிர்வாகச் செலவு எதற்கும் இந்தப் பணத்தைத் தொடக்கூடாது. பாண்டு கட்டுமானத்தைக் கவனிக்கும் ஊழியருக்கு, அதில் செலவிட்ட நேரத்துக்கு மட்டும் கொடுக்கலாம். நேரப் பதிவேட்டைக் கேளுங்கள்.

கேள்வி: ஒப்பந்ததாரருக்குக் கொடுக்க வேண்டிய ஒரு பில்லைக் குழு நிறுத்த முடியுமா?

பதில்: முடியாது. ஆராய்ந்து மக்களுக்குச் சொல்வதே அதன் வேலை. பணம் தவறான வழியில் போனால் வரி செலுத்துவோர் நீதிமன்றம் போகலாம். ஆவணம் தர மறுத்தால் பொதுப் பதிவேடுகள் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். தருவார்களா மாட்டார்களா என்று 10 நாளில் சொல்ல வேண்டும், சில காரணங்களுக்காக இன்னும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வட்டியையும் பார்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். 2011-இல் கலிபோர்னியாவின் போவே (Poway) பள்ளி மாவட்டம் சுமார் 10.5 கோடி டாலர் கடன் வாங்கியது. திருப்ப வேண்டியது கிட்டத்தட்ட 100 கோடி. வட்டியை முதலோடு சேர்த்துக் கடைசியில் கட்டும் வகைப் பாண்டு அது. 2013 சட்டத்துக்குப் பிறகு, அந்த வகையில் மொத்தத் திருப்பித்தொகை அசலின் 4 மடங்கைத் தாண்டக்கூடாது. உங்கள் மாவட்டம் வெளியிடும் ஒவ்வொரு பாண்டுத் தொகுப்புக்கும் அந்த விகிதம் என்ன என்று, மாவட்டத்தின் பள்ளி போர்டு ஒப்புதல் தருவதற்கு முன்பே கேளுங்கள்.