‘கொலஸ்டிரால் இல்லை’ என்றால் 20 ரூபாய் கூடுதலா?

கேள்வி: என் கணவருக்குக் கெட்ட கொலஸ்டிரால் கூடியிருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். மளிகைக் கடைக்காரர் ‘கொலஸ்டிரால் இல்லாதது’ என்று அச்சிட்ட சூரியகாந்தி எண்ணெயைக் காட்டுகிறார். பக்கத்திலிருக்கும் இன்னொரு சூரியகாந்தி எண்ணெயைவிட லிட்டருக்கு 20 ரூபாய் கூடுதல். வாங்கலாமா? முட்டையையும் நிறுத்திவிட்டேன்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த வாசகத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், அம்மா. முட்டைக்கரு, ஈரல், இறால், இறைச்சி, நெய் என்று உயிரினங்களிலிருந்து வரும் உணவில்தான் கொலஸ்டிரால் இருக்கிறது. தாவர எண்ணெய் எதிலும் அது பொருட்படுத்தும் அளவில் கிடையாது. நீங்கள் இத்தனை நாளும் ஊற்றிய கடலை எண்ணெயிலும் இல்லை, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயிலும் இல்லை. நோயாளி இருக்கும் வீட்டின் பயத்தைக் காசாக்குகிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இரண்டு பாக்கெட்டுகளையும் திருப்பிப் பின்பக்கக் கட்டத்தைப் படியுங்கள். 100 கிராமுக்கு ஏறக்குறைய 900 கலோரி என்று இரண்டிலும் இருக்கும். எந்த எண்ணெயானாலும் கணக்கு அதுதான். ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 120 கலோரி, அதாவது கிட்டத்தட்ட இரண்டு இட்லி.

நீங்கள் பார்க்க வேண்டியது ‘நிறைவுற்ற கொழுப்பு’ (saturated fat) என்ற வரி. நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்டிராலில் பெரும்பங்கைக் கல்லீரலே தயாரிக்கிறது. அதை ஏற்றிவிடுவதில் இந்தக் கொழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 100 கிராமில் தேங்காய் எண்ணெயில் இது 80 கிராமுக்கு மேல், பாமாயிலில் 50 கிராமை ஒட்டி, கடலை எண்ணெயில் 20 கிராமுக்குள், சூரியகாந்தியில் 10 கிராமுக்குச் சற்றுக் கூடுதல். ஆகவே சூரியகாந்தி எண்ணெய் வாங்குவதில் தவறில்லை, விலை குறைந்ததையே வாங்குங்கள்.

இதை எழுதும்போது என் மேசையில் ஒரு மிக்சர் பாக்கெட் இருக்கிறது. ‘கொலஸ்டிரால் 0’ என்கிறது. பொருள் பட்டியலில் கடலை மாவுக்கு அடுத்து பாமாயில். ‘ஒரு முறைக்கு 160 கலோரி’ என்ற வரி கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு முறை என்பது 30 கிராம், ஒரு கைப்பிடி. பாக்கெட்டோ 200 கிராம். தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அதைக் காலி செய்தால் ஆயிரம் கலோரியைத் தாண்டிவிடும்.

எண்ணெய் எதுவானாலும் அளவு முக்கியம். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. எத்தனை நாளில் தீர்கிறது என்று தெரிய, வாங்கிய தேதியைப் பாக்கெட்டிலேயே எழுதி வையுங்கள்.

முட்டையில் கொலஸ்டிரால் முழுவதும் மஞ்சள் கருவில்தான், ஒன்றுக்குச் சுமார் 200 மில்லிகிராம். வெள்ளைக் கருவை அவருக்குத் தாராளமாகக் கொடுங்கள். மஞ்சள் கரு வாரத்துக்கு எத்தனை என்பதை அடுத்த முறை டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.