மழையில ஐரோப்பா போனா, நடந்தே சுத்திப் பாக்க எந்த ஊர் நல்லா இருக்கும்?

அக்டோபர் கடைசில இத்தாலி போறோம், மழை இருக்கும்னு பயமுறுத்தறாங்க, தெருத்தெருவா நடந்து பழைய கட்டடம் பாக்கணும், குடை எடுத்துக்கறதா ரெயின்கோட்டான்னு கேட்டிருக்கீங்க.

யோசிக்கவே வேணாம், போலோன்யா போங்க. ஃபிளாரன்ஸ்லேந்து ஃபாஸ்ட் ட்ரெய்ன்ல முக்கால் மணி நேரம் கூட ஆகாது.

நானும் வீட்டுக்காரரும் நவம்பர் முதல் வாரத்துல அங்க நாலு நாள் இருந்தோம், நாலு நாளும் மழை, கொட்டித் தீத்துட்டு நிக்கற மழை இல்ல, காலைலேந்து ராத்திரி வரைக்கும் நசநசன்னு ஒரே தூத்தல். ஆனா நாங்க நனையல. ஏன்னா அந்த ஊர்ல நடைபாதைக்கு மேலயே வீடு இருக்கு. தெருவோரமா வரிசையா தூணு, தூணுக்கு உள்பக்கம் நாம நடக்கற தாழ்வாரம், அதுக்கு மேல யாரோ ஒருத்தரோட மாடி ரூம். போர்ட்டிகோன்னு பேரு. எல்லாம் சேத்தா 62 கிலோமீட்டர், அதுல சில பகுதிங்க 2021ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு.

மழைக்குன்னு கட்டினதாதான் நானும் நினைச்சேன். பாத்தா எல்லாம் இடத்தாசை. 1088லேயே ஆரம்பிச்சதுன்னு சொல்ற யூனிவர்சிட்டி இருக்கற ஊர், படிக்க வர்ற கூட்டம் ஏற ஏற ரூம் பத்தாம போயி, வீடு வச்சிருந்தவங்க மாடியை மட்டும் தெருப்பக்கம் நீட்டிக்கிட்டே வந்திருக்காங்க, கீழ சரியாம இருக்க மரத்தூணை முட்டுக் குடுத்து. சாதாரணமா ஆக்கிரமிப்புன்னு இடிச்சுத் தள்ளத்தான் பாப்பாங்க, ஆனா அங்க 1288ல தலைகீழா ஒரு சட்டம் போட்டாங்க: புது வீடு கட்டினா போர்ட்டிகோ இருந்தே ஆகணும், குதிரை மேல போறவன் தலை இடிக்காம சுமார் 2.66 மீட்டர் உயரம் வேணும். இடம் வீட்டுக்காரனோடது, நடக்கற உரிமை ஊருக்கு. இன்னிக்கும் அப்படித்தான். எனக்கு கட்டடத்தை விட இந்த ஏற்பாடுதான் ரொம்பப் பிடிச்சது.

அப்புறம் 1568ல மரத்தூணை எல்லாம் செங்கல்லு, கல்லுன்னு மாத்தச் சொல்லிட்டாங்க. தப்பிச்சது கொஞ்சம்தான், அதுல ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவுல இருக்கற காசா இசொலானிங்கற பழைய வீட்டை விட்டுடாதீங்க, 9 மீட்டர் உயர மரத்தூணு, அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். மேல கூரைல மூணு அம்பு குத்தி நிக்குதுன்னு ஒரு கதை இருக்கு, இவரு ரெண்டு பாத்தேன்னு சத்தியம் பண்றாரு, எனக்கு ஒண்ணு கூட தெரியல.

ஒவ்வொரு ஏரியாவுலயும் இந்தத் தாழ்வாரமே வேற மாதிரி இருக்கு, அதைப் பாக்கத்தான் நடக்கணும். பெரிய சர்ச் பக்கம் பாவலியோனேன்னு ஒண்ணு, விலை கேக்கவே பயமா இருக்கற கடைங்க, வழவழன்னு தரை (ஈர ஷூவோட நான் அங்கதான் சறுக்கி விழுந்தேன், நல்ல க்ரிப் இருக்கற ஷூ போட்டுக்கோங்க). சாந்தா கத்தரீனா தெருவுக்குப் போனா ஏழைபாழைங்களுக்குக் கட்டின குட்டி வீடுங்க, தாழ்வா மர உத்தரம், கயித்துல துணி காயுது, மழைல எங்க காயறது, தொங்குது அவ்வளவுதான். ஊருக்கு வெளிய பார்க்கான்னு ஒரு ஏரியாவுல 20ஆம் நூற்றாண்டு அபார்ட்மென்ட், நீளத்தைப் பாத்து ட்ரெய்ன்னே பேரு வச்சிருக்காங்க, அதுக்கும் கீழ போர்ட்டிகோ, அதுவும் யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு.

மழைக்காகவே கட்டினது ஒண்ணு இருக்கு, குன்று மேல இருக்கற சான் லூகா சர்ச்சுக்குப் போற தாழ்வாரம். 1433ல விடாத மழைல பயிரெல்லாம் அழுகிப் போற நிலைமை வந்தப்போ குன்று மேல இருக்கற மாதா படத்தைக் கீழ ஊர்வலமா எடுத்துட்டு வந்தாங்களாம், மழை நின்னுச்சாம். அதுலேந்து வருஷா வருஷம் ஊர்வலம். மழையையே நிறுத்தின மாதா நனையக்கூடாதுன்னு 1674ல ஆரம்பிச்சு ஊர்லேந்து குன்று வரைக்கும் கூரை போட்டுட்டாங்க! 666 வளைவு, கிட்டத்தட்ட 3.8 கிலோமீட்டர். மெலோன்செல்லோ வளைவு தாண்டினதும் ஏத்தம், படி, மூச்சு வாங்கும், ஜாகிங் போற தாத்தா ஒருத்தர் எங்களை ரெண்டு தடவை ஓவர்டேக் பண்ணினாரு. மேல போனா ஒரே மூடுபனி, ஊரும் தெரியல ஒண்ணும் தெரியல, அப்பவும் அந்த நடை மறக்காது.

மழையால நஷ்டம்னா ஒண்ணே ஒண்ணு. சான் பெத்ரோனியோ சர்ச் தரைல 1655ல காசினிங்கற வானியல் அறிஞர் போட்ட மதியக்கோடு ஓடுது, சுமார் 67 மீட்டர், கூரை ஓட்டை வழியா விழற வெயில் மதியம் அதுல வந்து உக்காரணும். வெயில் எங்க இருக்கு. 1390ல ஆரம்பிச்ச சர்ச்சோட முகப்பு இன்னும் முடியல, கீழ மார்பிள் மேல வெறும் செங்கல்லு, எனக்கென்னவோ அதுதான் அழகா இருந்துச்சு. கரிசெண்டா கோபுரம் சாஞ்சுக்கிட்டே போகுதுன்னு 2023ல அடைச்சுட்டாங்க, நாங்க போனப்போ பக்கத்துல இருக்கற 97 மீட்டர் அசினெல்லி கோபுரத்துலயும் ஏற விடல.

வெஜிடேரியன்னா ரிக்கோட்டா சீஸ் வச்ச தோர்த்தெல்லோனி பாஸ்தா கேளுங்க, மெனுல ராகுன்னு இருந்தா அது இறைச்சி போட்ட சாஸ்.

குடை ஒண்ணு போதும், அதையும் மடக்கியே வச்சுக்கோங்க, தாழ்வாரத்துக்குள்ள விரிச்சா எதிர்ல வர்றவங்க கண்ணைக் குத்தும். நாங்க சதுக்கத்தைக் குறுக்க தாண்டறப்போ மட்டும்தான் விரிச்சோம். கடைசி நாள் சாப்பிட்ட கடைலயே குடையை மறந்து வச்சுட்டோம், அது தெரிஞ்சதே ஃபிளாரன்ஸ் ஸ்டேஷன்ல இறங்கி வெளிய வந்து தலைல சொட்டினப்போதான்.