சி.எஸ்.ஆர். கொடுத்துவிட்டார்கள் என்றால் கேஸ் போட்டாயிற்று என்று அர்த்தமா?

கேள்வி: “பணம் வாங்கி ஏமாற்றியவர் மேல் சென்னையில் ஒரு ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். எஃப்.ஐ.ஆர். என்பதும் இதுதானே?”

இல்லை. உங்கள் மனு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்து, கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர் என்ற பதிவேட்டில் ஏறியது என்பதற்கான ரசீதுதான் சி.எஸ்.ஆர். வழக்கு என்று ஒன்று உருவாவது எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, போட்ட பிறகுதான். இரண்டும் ஒன்றென்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம், அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

கையில் இருக்கும் தாளை எடுத்துப் பாருங்கள். சி.எஸ்.ஆர். எண், வருடம், மனுதாரர் பெயர், எதிர்மனுதாரர் பெயர், ஓரிரு வரியில் விஷயம், கையெழுத்து, முத்திரை. இவ்வளவுதான் இருக்கும். எஃப்.ஐ.ஆரில் குற்ற எண் இருக்கும்; எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று இருக்கும்; சம்பவம் நடந்த நாள், நேரம், இடம் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். அதன் ஒரு பிரதி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். புகார்தாரருக்கு ஒரு நகல் இலவசமாகத் தர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்ற நடைமுறைச் சட்டம்) பிரிவு 173(2) சொல்கிறது. தாளில் சட்டப் பிரிவே இல்லையென்றால் அது எஃப்.ஐ.ஆர். இல்லை.

போலீஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சி.எஸ்.ஆர். கொடுப்பதே தவறு என்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தகராறு, கைகலப்பில் சின்ன அடி, இவற்றுக்கெல்லாம் அது போதும். சாதாரணமாகக் காயம் ஏற்படுத்துவது, அதாவது பி.என்.எஸ். (இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) பிரிவு 115(2), மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாகப் புலனாய்வு செய்ய முடியாத வகைக் குற்றம். திருட்டிலும் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் என்றால் இப்போது அதே வகைதான். மோசடி, நம்பிக்கை மோசடி, ஆயுதத்தால் தாக்குவது போன்றவற்றில் போலீஸ் கோர்ட்டைக் கேட்காமலே வழக்குப் பதியலாம், பதியவும் வேண்டும். உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013-ல் லலிதா குமாரி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதே தீர்ப்பில் ஒரு விலக்கும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் வக்கீல் நண்பர்கள் கமெண்டில் வந்து பிடித்துக்கொள்வார்கள். கணவன்–மனைவி தகராறு, வியாபாரக் கொடுக்கல் வாங்கல், மருத்துவக் கவனக்குறைவு, காரணமில்லாமல் 3 மாதத்துக்கு மேல் தாமதமாக வந்த புகார் போன்றவற்றில் வழக்குப் பதியும் முன் முதலில் பூர்வாங்க விசாரணை செய்யலாம். 1-7-2024 முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ்., 3 வருடம் முதல் 7 வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, உயர் அதிகாரி அனுமதியோடு 14 நாளில் அந்த விசாரணையை முடிக்கச் சொல்கிறது. ஆக, உங்கள் சி.எஸ்.ஆர். எந்தத் தேதியிட்டது என்று பாருங்கள். மூன்று மாதமாக “கூப்பிட்டு விசாரிக்கிறோம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அதைப் பூர்வாங்க விசாரணை என்று ஏற்க முடியாது.

நீங்கள் கொடுத்தது கைமாற்றுப் பணம் என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் முக்கியமான விஷயம் இனிமேல்தான். வாங்கிய கடனைத் திருப்பித் தராதது மட்டும் குற்றமாகாது; அது சிவில் விவகாரம். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருந்தால்தான் மோசடி: இல்லாத வேலையைக் காட்டி வாங்கியது, ஏற்கெனவே விற்ற மனைக்கு அட்வான்ஸ் வாங்கியது, போலி ஆவணம் காட்டியது, இந்த மாதிரி. மனுவில் அந்தப் பொய் என்ன, எந்தத் தேதியில் சொன்னார், அதை நம்பி எவ்வளவு எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதியிருக்க வேண்டும். “பல முறை கேட்டும் தரவில்லை” என்று மட்டும் எழுதினால், படிக்கும் இன்ஸ்பெக்டர் “இது சிவில்” என்று சொல்வதில் தப்பே இல்லை.

ஸ்டேஷனில் பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகச் சட்டத்தின் கெடு நிற்காது. பணம் கேட்டு சிவில் வழக்குப் போடப் பொதுவாக 3 வருடம்தான். செக் வாங்கியிருந்தால் கெடு இன்னும் நெருக்கம். செக்கை அதிலுள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும்; திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்; அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். இதற்குப் போலீஸே தேவையில்லை. சி.எஸ்.ஆரை நம்பி இந்தக் கெடுவைக் கோட்டை விட்டவர்களுக்குத்தான் பெரிய நஷ்டம். ஸ்டேஷனில் எதிராளி “இன்ன தேதிக்குள் இவ்வளவு தருகிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதன் நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். பழைய 3 வருடக் கெடு முடிவதற்குள் எழுதியதாக இருந்தால், அந்தக் கையெழுத்துத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும்.

எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், பி.என்.எஸ்.எஸ். 173(4)-ன்படி புகாரின் சாரத்தை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்ப வேண்டும். சென்னையில் அந்த இடத்தில் இருப்பவர் உங்கள் பகுதித் துணை ஆணையர். புகார் நகல், சி.எஸ்.ஆர். நகல் இரண்டையும் இணைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் பட்டுவாடா விவரத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். வேப்பேரி கமிஷனர் ஆபீஸில் நேரில் கொடுத்தாலும் இந்தத் தபாலை விடாதீர்கள், அடுத்த படியில் கோர்ட் கேட்பது இதைத்தான். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் 175(3)-ன் கீழ் மனு, கூடவே பிரமாணப் பத்திரம். பிரமாணப் பத்திரம் இல்லாத மனு நிற்காது.

“எங்க லிமிட் இல்லை, தாம்பரம் கமிஷனரேட் போங்க” என்று அனுப்பினால், 173(1)-ஐச் சொல்லுங்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிந்து அங்கே மாற்றி அனுப்ப வேண்டும்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கோர்ட் வாசலில் மனு டைப் செய்து தருபவர்கள் பலர், காசை வாங்கிக்கொண்டு இன்னும் “இ.பி.கோ. 420” என்றே அடித்துத் தருகிறார்கள். 1-7-2024-க்கு முன் நடந்த குற்றத்துக்குத்தான் இ.பி.கோ.; அதற்குப் பின் நடந்த மோசடிக்கு பி.என்.எஸ். 318(4). ஏழை ஜனங்கள் தினக்கூலியை விட்டுவிட்டு வந்து கொடுக்கும் காசு அது, பிரிவையாவது சரியாகப் போட்டுத் தர வேண்டாமா? உண்மையில் மனுவில் நீங்கள் பிரிவு போட வேண்டிய கட்டாயமே இல்லை. நடந்ததைத் தேதி வாரியாக எழுதி, வங்கிக் கணக்குப் பக்கம், வாட்ஸ்அப் உரையாடல், சாட்சிகளின் பெயர் இவற்றை இணைத்தால் போதும்; பிரிவு போடுவது அதிகாரியின் வேலை.

ஆன்லைனில் பணம் போயிருந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காமல் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் தகவல் போனால்தான் முடக்க முடியும். மனு எழுதுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.