கிரகணத்தன்று காய் நறுக்கியதால் குழந்தைக்கு விரல் இல்லாமல் போகுமா?

கேள்வி: முதல் பிரசவம். பெண் குழந்தை, 45 நாள் ஆகிறது. இடது கையில் கட்டைவிரல் மட்டும் இருக்கிறது, அதுவும் சிறியதாக. மற்ற நான்கு விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் பயறு போலச் சின்னச் சின்ன முண்டுகள். ஏழாம் மாதத்தில் கிரகணத்தன்று நான் அரிவாள்மனையில் காய் நறுக்கியதுதான் காரணம் என்கிறார் மாமியார். ஸ்கேனிலும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா? செயற்கைக் கை வைக்கலாமா?
- வாசகி, செய்யாறு

பதில்: முதலில் அந்த அரிவாள்மனையை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். கரு உருவான நான்காவது வாரத்தில் கை ஒரு மொட்டுப் போல முளைக்கிறது. பிறகு துடுப்புப் போலத் தட்டையாகிறது. நடுவில் உள்ள திசு கரைந்து, எட்டாவது வாரம் முடிவதற்குள் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அதாவது உங்களுக்கு மசக்கை இருந்த நாட்களிலேயே அந்தக் கை இந்த வடிவத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் காய் நறுக்கியது அதற்கு நான்கைந்து மாதம் கழித்து! இதை மாமியாரிடமும் படித்துக் காட்டுங்கள். காரணம் தெரியாத துக்கத்துக்கு அவர் ஒரு காரணம் தேடுகிறார், அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் சிம்பிராக்கிடாக்டிலி (விரல்கள் முழுதாக வளராமல் குட்டையாகவோ முண்டாகவோ நின்றுவிடும் பிறவிக் குறை) என்ற வகையோடு ஒத்துப்போகின்றன. முண்டுகளை உற்றுப் பாருங்கள், சிலவற்றில் கடுகளவு நகம்கூட இருக்கும். கை மொட்டுக்குப் போகும் ரத்த ஓட்டம் அந்த வாரங்களில் தடைபட்டிருக்கலாம் என்று கருதுகிறோம். பனிக்குடச் சவ்வின் இழை விரலைச் சுற்றிக்கொள்வது வேறு வகை. அதில் நூலால் இறுக்கிக் கட்டியது போன்ற பள்ளம் தெரியும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மாத்திரையைப் பற்றி ராத்திரியில் யோசித்திருப்பீர்கள். தாலிடோமைட் என்ற மருந்து 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மசக்கைக்கும் அதைக் கொடுத்தார்கள். 1961இல் திரும்பப் பெறுவதற்குள் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறை போன்ற பாதிப்புகளோடு பிறந்தார்கள். காய்ச்சலுக்குப் போட்ட பாரசிட்டமாலோ இரும்புச்சத்து மாத்திரையோ அந்த ரகம் இல்லை. வலிப்பு மருந்து போல வேறு ஏதாவது சாப்பிட்டிருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்கேன் சமயத்தில் குழந்தை கையை மூடிக்கொண்டிருந்தால் விரல்களை எண்ண முடியாது. தெரிந்திருந்தாலும் வயிற்றுக்குள் வைத்து எதுவும் செய்திருக்க முடியாது.

ஒரே கையில், வேறு குறை எதுவும் இல்லாமல் வரும் இந்த வகை பெரும்பாலும் அடுத்த குழந்தைக்கு வருவதில்லை. இரண்டு கைகளிலும் அல்லது காலிலும் குறை இருந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ மரபணு ஆலோசனை தேவை. இன்னொன்று, குளிப்பாட்டும்போது இடது மார்பைக் கவனியுங்கள். வலது பக்கத்தைவிடத் தட்டையாக இருந்தால் மார்புத் தசை குறைவாக இருக்கலாம். அதைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

செயற்கைக் கைக்கு அவசரப்பட வேண்டாம் என்பேன். உறை மாட்டினால் தொட்டு உணரும் தோல் மூடிப்போகும். நிறையக் குழந்தைகள் அதைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். உங்கள் மகளுக்குக் கட்டைவிரல் இருப்பது பெரிய விஷயம். எதிரே ஒரு சின்ன முனை கிடைத்தால்கூடப் பொருளை இடுக்கிப் பிடிப்பாள். சில குழந்தைகளுக்குக் கால்விரலின் சிறு எலும்பை எடுத்து, அந்த முண்டுக்குள் வைத்து நீளமாக்க முடியும். அது ஒன்றரை வயதுக்குள் செய்தால் நன்றாக வளரும். அதனால் முதல் பிறந்தநாளுக்கு முன்பே கை அறுவை நிபுணரைப் பாருங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

அதுவரை அந்தக் கையைத் துணியில் சுற்றி மறைக்காதீர்கள். கிலுகிலுப்பையை அந்தக் கையிலும் படும்படி கொடுங்கள். இதே போன்ற கையோடு இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வருவான். போன முறை தன் ஷூ கயிற்றை அந்த முனையால் அழுத்திப் பிடித்து, வலது கையால் சுற்றி, கடைசியில் பல்லால் ஒரு இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டான். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்றார் அவன் அம்மா.